வீழ்ந்தவை எல்லாம் நலிந்தவை அல்ல

வீழ்ந்தோரைக் கண்டவிடத்து, அவர் வீழ்தற்கு உரியரே என்று கூறுதல் உலகியல்பு. மரம் சாய்ந்த மறுநாள், அதன் வேர் முன்னரே உளுத்திருந்தது என்பார் பலர். புயலின் வேகத்தைப் பேசுவார் சிலரே. இவ்வியல்பு மனிதர் வரலாற்றில் மட்டுமன்றி, மனிதர் தோன்றுதற்குப் பல கோடி ஆண்டுகள் முன் மறைந்த விலங்குகளின் வரலாற்றிலும் புகுந்துள்ளது. டைனோசர் என்னும் பெயர் இன்று ஒரு வசைமொழி. காலத்தோடு ஒட்டாத மனிதரையும், வழக்கொழிந்த முறைகளையும், சிலவேளை எம்போன்ற பண்டிதரையும் அப்பெயராற் சுட்டுவர். பருத்த உடலும் சிறுத்த மூளையும் கொண்ட அவை, மாறும் உலகோடு மாறமாட்டாது தாமே தேய்ந்து மாய்ந்தன என்பது அவ்வசையின் உட்பொருள்.

அவ்வுட்பொருள் உண்மையா? தமிழ் கற்பிக்கும் உமக்கு விலங்கியலில் என்ன அலுவல் என அன்பர் வினவலாம். வழக்கு விலங்கியலைப் பற்றியதாயினும், அதனுள்ளே கிடப்பது சான்றுகளை எடைபோடும் முறை பற்றிய வினா. அஃது எல்லார்க்கும் பொது.

முதலில், பெரும்பாலார் உடன்பட்டதைக் கூறுவேன். 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், ஏறத்தாழ 10 கிலோமீற்றர் அகலமுடைய விண்கல் ஒன்று இன்றைய மெக்சிக்கோவின் யுக்கற்றான் பகுதியில் மோதியது. லூயிஸ் அல்வாரெஸ், அவர் மகன் வோல்டர் அல்வாரெஸ் முதலானோர் அக்காலப் பாறைப் படையில் இரிடியம் மிகுந்திருத்தலைக் கண்டு, 1980 இல் இக்கருத்தை வெளியிட்டனர். சிக்சுலுப்பிற் புதையுண்டு கிடக்கும், ஏறத்தாழ 180 கிலோமீற்றர் அகலமுள்ள பெருங்குழி அம்மோதலின் வடு என்பது 1991 இல் எடுத்துக்காட்டப்பட்டது. எழுந்த தூசியும் கரியும் கதிரவனை மறைத்தன; தாவரங்கள் வாடின; தாவரத்தை உண்டனவும், அவற்றை உண்டனவும் பசியால் மாண்டன. இந்தியாவின் தக்கணத்தில் அக்காலத்தை அடுத்து எரிமலைகள் பாறைக்குழம்பைக் கக்கியதும் உண்மையே. அதன் பங்கு எத்துணை என்பதிலேயே கருத்து வேறுபாடு.

விண்கல் வந்தபோது டைனோசர்கள் செழித்திருந்தனவா, நலிந்திருந்தனவா என்பதே நாம் எடுத்துக்கொண்ட வினா. நலிந்திருந்தன என்பாரின் வாதம் எளிதிலே தள்ளத்தக்கதன்று. கனடாவின் அல்பேட்டாவில், 7 கோடியே 60 இலட்சம் ஆண்டளவிலான பாறைகளில் வகை வகையான டைனோசர்கள் காணப்படுகின்றன. அமெரிக்காவின் மொன்டானாவில், அழிவுக்குச் சற்று முந்திய ஹெல் கிறீக் பாறைகளில் வகைகள் குறைவு. புதிய இனங்கள் தோன்றும் வேகம், மறையும் இனங்களை ஈடுசெய்ய மாட்டாமற் பல கோடி ஆண்டுகளாகத் தளர்ந்து வந்தது என 2016 இல் ஓர் ஆய்வு கணித்தது. ஆறு டைனோசர்க் குடும்பங்களை ஆராய்ந்த 2021 ஆம் ஆண்டு ஆய்வு, இறுதி ஒரு கோடி ஆண்டில் இறக்கம் இருந்ததென்றும், உலகம் குளிர்ந்தமையும் தாவரவுண்ணிகள் குறைந்தமையும் அதற்குக் காரணமென்றும் கூறிற்று.

ஆயினும், இக்கணக்குகள் யாவும் கல்லிற் பதிந்த உயிர்ச்சுவடுகளை நம்பியவை. இங்கேதான் ஏட்டுச்சுவடியோடு பழகிய எமக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. செல்லரித்த ஓலையில் இரண்டடி காணப்படாவிடின், அவ்விடத்தே புலவன் பாடாது விட்டான் என்று நல்ல பதிப்பாசிரியர் எவரும் கொள்ளார். புள்ளியிட்டு, ஏடு சிதைந்தது என்று எழுதுவார். கல்லேட்டுக்கும் இதுவே நெறி. அல்பேட்டாப் பாறைகள் படிந்த காலத்தில் வட அமெரிக்காவின் நடுவே ஓர் உள்நாட்டுக் கடல் கிடந்தது. அதன் கரையோரச் சமவெளிகளில் ஆறுகள் வண்டலைக் குவித்து எலும்புகளைப் புதைத்துக் காத்தன. பின்னர் அக்கடல் வற்றியது. எலும்பைக் காக்கும் படிவுகளும் குறைந்தன. ஆகவே குறைந்தவை விலங்குகளோ, விலங்குகளைக் காத்த ஏடுகளோ என்று முதலிற் கேட்டல் வேண்டும்.

இதனை ஆராய்ந்தோரும் உளர். 2020 இல் வெளிவந்த ஓர் ஆய்வு, வேறு வேறு குலமரங்களை வைத்துக் கணித்து, நலிவுக்கு உறுதியான சான்று இல்லை என்றது. வட அமெரிக்காவின் ஏறத்தாழ 8,000 உயிர்ச்சுவடுகளை ஆராய்ந்து 2025 இல் வெளியான ஆய்வு, இறுதிக்காலப் பாறைகள் போதிய அளவு வெளிப்பட்டுக் கிடவாமையே குறைவுத் தோற்றத்துக்குப் பெருங்காரணம் என்றது. அவ்வாண்டிலேயே நியூ மெக்சிக்கோப் பாறைகளின் காலமும் திருத்தமாகக் கணிக்கப்பட்டது. அவை அழிவுக்கு முந்திய ஏறத்தாழ 4 இலட்சம் ஆண்டுகளுக்கு உட்பட்டவை. ஹெல் கிறீக்கிற் காணப்படாத, நெடுங்கழுத்துடைய அலமோசோரஸ் என்னும் பேருருவ விலங்கு அங்கே வாழ்ந்தது. வடக்கில் ஒரு கூட்டம், தெற்கில் வேறொரு கூட்டம் என இறுதிவரை அவை வேறுபட்டு வாழ்ந்தமை இதனாற் பெறப்படும். தேய்ந்து ஒருபடித்தாய்ப் போன இனங்களின் இலக்கணம் இதுவன்று.

இருதிறத்தார் சான்றும் பெரும்பாலும் வட அமெரிக்காவின் மேற்கிலிருந்தே கிடைத்தவை என்பதை மறத்தலாகாது. உலகின் ஒரு பகுதியை உலகமாகக் கொள்ளுதல் இருவர்க்கும் பொருந்தாது. சில குடும்பங்கள் மெலிந்திருக்கவுங் கூடும். ஆயின் மெலிவு வேறு, மரணம் வேறு. அவை முன்னரும் பலமுறை ஏற்றமும் இறக்கமும் கண்டு மீண்டவை. விண்கல் மோதாதிருப்பின் இம்முறையும் மீண்டிரா என்று துணிதற்கு ஆதாரம் யாது? அவற்றின் வழித்தோன்றல்களான பறவைகள் இன்றும் பதினாயிரத்துக்கு மேற்பட்ட இனங்களாய் நம் முற்றத்தில் உலாவுகின்றன. மாறமாட்டாத குலம் என்னும் பழி இவற்றின் முன் எங்ஙனம் நிற்கும்?

ஆதலின் ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தகுதியின்மையால் டைனோசர்கள் அழிந்தன என்று வகுப்பிற் சொல்லாதீர்கள். சான்றுக்கு மிஞ்சிய கூற்று அது. அன்றியும், இழந்தவர் யாவரும் இழத்தற்கு உரியவரே என்னும் கொடிய பாடத்தையும் அது பிள்ளைகளின் உள்ளத்தில் மெல்ல ஊன்றிவிடும். நலிந்தன என்பதற்குச் சான்று போதாது, விண்கல் மோதியமைக்குச் சான்று உண்டு என்று சொல்லுங்கள். ஏடு சிதைந்த இடத்திற் புள்ளியிடக் கற்ற மாணவன், வீழ்ந்தவர் எவரைப் பற்றியும் அவசரத் தீர்ப்பு எழுதமாட்டான்.