தலைமைத்துவமும் உபதேசியாரும்

'தலைமைத்துவம்' என்றொரு சொல் இக்காலத்தில் மேடைதோறும் உலவுகிறது. தலை என்னும் பெயரோடு 'மை' விகுதி சேர்ந்து தலைமை ஆயிற்று. பண்பை உணர்த்த அவ்வொரு விகுதியே போதும். அதன் மேல் வடமொழித் 'துவ'த்தையும் ஏற்றுவது குடைக்கு மேல் குடை பிடிப்பது போலாகும். இலக்கணப் பிழை மட்டுமாயின் சிவப்பு மையால் அடித்துவிட்டு வாளா இருந்திருப்பேன். அச்சொல்லைச் சுமந்து கடல் கடந்து, இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் அதனை விளம்பி வந்தவர்களுள் நானும் ஒருவன் ஆதலால் இதை எழுதுகிறேன்.

என் பழைய மாணாக்கர் ஒருவர் இன்று திருநெல்வேலிச் சீமையில் ஒரு சபையின் போதகர். தோட்டங்களில் ஞாயிறுதோறும் ஜெபக்கூட்டம் நடத்தும் எளிய ஊழியர்களுக்குப் பத்து நாள் பயிற்சி கொடுப்பதற்காக அட்டன் நகருக்கு ஐவரோடு புறப்பட்டார். பயிற்சி நூலோ அயல்மொழியிலிருந்து பெயர்த்தது. அதன் தமிழைத் திருத்தித் தரவும், உடன் வந்து வாசிப்பு வகுப்பு நடத்தவும் என்னை அழைத்தார். "நான் நீறு பூசும் குடியிற் பிறந்தவன், தம்பி" என்றேன். "வேதத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் ஐயா, தமிழை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். இதில் புதுமையும் இல்லை. 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயருக்குத் தமிழ் கற்பித்தவர் திருப்பாற்கடல்நாதன் கவிராயர். எச். ஏ. கிருஷ்ண பிள்ளையும் 1853-இல் சாயர்புரத்திற்குத் தமிழாசிரியராகச் சென்றபோது வைணவரே; திருமுழுக்குப் பெற்றது 1858-இல்தான். குருமாருக்குத் தமிழ் கற்பிப்பது எங்கள் பக்கத்துப் பண்டிதர்களுக்குப் பழகிய தொழில்.

திருநெல்வேலிக்கும் அம்மலைகளுக்கும் உள்ள உறவும் பழையது. காப்பித் தோட்டக் காலத்திலே, 1854-ஆம் ஆண்டு, சர்ச் மிஷன் சங்கத்தார் ஒரு பணியைத் தொடங்கினர். தோட்டத் துரைமார் சிலர் பொருளுதவி செய்தனர். திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் வரவழைக்கப்பட்டனர். அப்பணிக்கு அவர்கள் இட்ட பெயர் 'தமிழ்க் கூலி மிஷன்'. ஆண்டவன் பெயரால் தொடங்கிய பணிக்குக் கூலி என்று பெயரிட்ட மனத்தை என்னென்பது! துரைமார் ஈந்த பணத்தில் பக்தியோடு, வேதங் கேட்ட ஆள் அடங்கி நடப்பான் என்ற கணக்கும் கலந்தே இருந்திருக்கும் என்பது என் கருத்து. ஆயினும் உபதேசியார்களை நான் அக்கணக்கிலே சேர்க்க மாட்டேன். தம் மக்கள் பஞ்சத்தால் பெயர்ந்து சென்ற நாட்டிற்கே அவர்களும் சென்றனர், லயம் லயமாக ஏறி இறங்கினர், படிக்கத் தெரியாதவர்க்குப் படித்துக் காட்டினர், பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தனர். அவர்கள் பேசிய தமிழ், கேட்டவர்களின் ஊர்த்தமிழ். 1869-இல் கண்ட இலைநோய் காப்பியை அழிக்கத் தேயிலை வந்தது. துரை, கங்காணி, லயம் என்னும் சொற்கள் மாறவில்லை. உபதேசியார் என்னும் சொல்லும் மாறவில்லை.

இனி எங்கள் பயிற்சிக்கு வருவோம். வந்தவர்கள் முப்பதின்மருக்குக் குறையார். கொழுந்து பறிக்கும் பெண்கள், தோட்டக் காவற்காரர் ஒருவர், பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு தாய், ஓய்வு பெற்ற கணக்கப்பிள்ளை ஒருவர். பகலெல்லாம் மலையில் நின்றுவிட்டு, மாலையில் ஈரக் கம்பளியோடு வந்து அமர்வார்கள். அவர்களுக்கு நாங்கள் வைத்த பாடங்களோ தரிசனம், இலக்கு, நேர மேலாண்மை. விடியுமுன் எழுந்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகளுக்கு ரொட்டி சுட்டு வைத்துப் பெரட்டுக் களத்திற்கு ஓடும் பெண்ணுக்கு, நேரத்தை எவ்வாறு பகுத்துக்கொள்வது என்று நாங்கள் கற்பித்தோம். அவர்கள் சிரிக்காமல் கேட்டுக்கொண்டது அவர்களுடைய பண்பு.

"உங்கள் தேசத்திற்காக உங்கள் தரிசனம் யாது?" என்றொரு வினா நூலில் இருந்தது. முதிய கணக்கப்பிள்ளை எழுந்து, "எந்தத் தேசமுங்க ஐயா?" என்று கேட்டார். குறும்பாகக் கேட்கவில்லை. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட குடும்பம் அவருடையது. 1964-இல் சாஸ்திரியாரும் சிறிமாவோ அம்மையாரும் செய்த உடன்படிக்கை, 5,25,000 பேரை இந்தியாவிற்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் வகுத்தது. அவருடைய தமையனார் முதற்கணக்கிற் சேர்ந்து நீலகிரிப் பக்கம் போய்விட்டார், இவர் இருந்துவிட்டார். எஞ்சியோர்க்கெல்லாம் குடியுரிமை அளிக்கும் சட்டம் 2003-இல்தான் வந்தது. எங்கள் நூலில் இவ்வினாவிற்குக் கோடிட்டு விட்டிருந்த இடம் மூன்றே வரி.

ஆறாம் நாள் மத்தேயு சுவிசேஷத்தின் 20-ஆம் அதிகாரம் பாடம். திராட்சைத் தோட்டத்து எசமான் காலையில் வந்தவனுக்கும் மாலையில் வந்தவனுக்கும் ஒரே கூலி கொடுத்த கதை. எங்கள் குழுவினர் ஒருவர் அதற்கு நூலில் உள்ளபடி விளக்கம் சொன்னார்: தகுதி பாராத கிருபை, மனிதனின் முறுமுறுப்பு, தலைவனுக்கு வேண்டிய பரந்த நோக்கு. குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் கேட்டவர் முகங்களில் ஒன்றும் அசையவில்லை.

அங்கே தோட்டம் என்றால் தேயிலைத் தோட்டந்தான். கூலி என்பது வாழ்வும் வசவும் ஆகிய சொல். ஒரு நாள் வேலையைக் கணக்கில் பதிவதற்குப் 'பேர் போடுதல்' என்று பெயர். குறித்த எடைக்குக் கொழுந்து குறைந்தால் 'அரைப் பேர்'. நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆகவேண்டும் என்று பல ஆண்டுகள் கேட்டு, 2021-இல்தான் அது அரசாணையாயிற்று. அதன் பின்னும் எடைத் தராசைப் பற்றிய வழக்கு ஓயவில்லை. இவ்வளவும் அறிந்த ஒரு நடுவயதுப் பெண்ணை நான் வாசிப்பு வகுப்பில் அக்கதையைத் தம் சொல்லால் சொல்லும்படி கேட்டேன். நெடுநேரம் நாணி நின்று, பின் சொன்னார்: "சாயங்காலம் வந்தவளுக்குக் கொழுந்து காணாது. அவளுக்கு அரைப் பேர்தான் விழும்னு எல்லாரும் நெனச்சாங்க. அந்தத் தொர எடையப் பாக்கலீங்க ஐயா, வயித்தப் பாத்தாரு. முழுப் பேர் போட்டாரு."

கூடத்தில் ஓர் ஒலி எழுந்தது. ஓரத்திலிருந்த மூதாட்டி ஒருவர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். நூலைப் பெயர்த்தவரும் அதைத் திருத்திய நானும் எத்தனை இரவு விழித்தாலும் 'முழுப் பேர்' என்னும் அச்சொல் எங்களுக்கு வந்திராது. பயிற்சி பெற வந்தவர் யார், அளிக்க வந்தவர் யார் என்று அன்றிரவு போதகரிடம் கேட்டேன். அவர் விடை சொல்லவில்லை. மறுநாள் பாடத்தை அப்பெண்ணையே நடத்தச் சொன்னார். நல்ல மாணாக்கர்.

அயலார் போகவே கூடாது என்பது என் வாதமன்று. எங்களைக் கண்டதில் அவர்கள் மகிழ்ந்தது மெய். 'ஊரிலிருந்து வந்தவர்கள்' என்று எங்களைச் சொல்லும்போது அவர்கள் குரல் மாறியது. ஆனால் நாம் கொடுப்பவர், அவர்கள் கொள்பவர் என்ற எண்ணம் வரலாற்றிற்கும் ஒவ்வாது. 1902-இல் யாழ்ப்பாணம் சென்ற அசரியா, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாமே ஊழியரை வெளியிடங்களுக்கு அனுப்புவதைக் கண்டு நாணினார். அடுத்த ஆண்டே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. படிப்பினை கடலின் அக்கரையிலிருந்து இக்கரைக்கு வந்தது என்க. மலையகத்திற்கு அண்மையிலேயே, கண்டியை அடுத்த பிலிமத்தலாவையில், 1963 முதல் சிங்களத்திலும் தமிழிலும் குருமாரைப் பயிற்றும் இறையியற் கல்லூரி உண்டு. ஆறு பேர் வானூர்தியில் போய்வரும் செலவை, தோட்டத்துப் பிள்ளை ஒருவர் அத்தகைய இடத்தில் தங்கிப் படிப்பதற்கு ஏன் அளிக்கலாகாது? போயே ஆகவேண்டுமெனில், பத்து நாள் போதாது. ஒரு பருவம் லயத்தின் அருகே தங்கி, முதல் மாதம் வாய் திறவாமல் கேட்டிருக்க வேண்டும். அவ்வாறு செய்யத் துணிபவர் குறைவு என்பதை அறிவேன்; எனக்கே குளிர் தாங்கவில்லை.

ஊர் திரும்பியபின் நூலின் இரண்டாம் பதிப்பிற்குத் திருத்தம் கேட்டுப் போதகர் வந்தார். மேலட்டையிலிருந்த 'தலைமைத்துவ'த்தை அடித்து, 'உபதேசியார் கையேடு' என்று எழுதிக் கொடுத்தேன். பொருளுதவி செய்பவர்கள் தலைவர்களை உருவாக்கவே பணம் தருகிறார்கள், உபதேசியார் என்றால் தரமாட்டார்கள் என்று தயங்கினார். 'முழுப் பேர்' கதையையாவது முதற்பாடமாக, அந்த அம்மையார் சொன்ன சொல்லிலேயே அச்சிடும்படி கேட்டேன். அதற்கு இசைந்திருக்கிறார். மேலட்டை இன்னும் முடிவாகவில்லை.