"கெனாப்பா மாக்சிக் தெக்கான்?"

ஏன் அமுக்கினீங்க அம்மா? சுங்கை பட்டாணியில் வங்கி முகப்பில் இருந்த பெண் கேட்டார். புகார் எழுதிக்கொண்டவர் கேட்டார். வீட்டுக்கு வந்ததும் என் சொந்தத் தம்பியும் கேட்டான். 68 வயது அம்மா, கேட்ட மூவர் முன்னாலும் திருடியவள் போலத் தலை குனிந்து நின்றார். திருடன் எங்கே நிற்கிறான் என்று ஒருவரும் கேட்கவில்லை.

போனது 6,400 வெள்ளி. பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மரம் சீவி, பால் வாளி தூக்கித் தோள் இறங்கிப்போன உடம்பு சேர்த்த சேமநிதியின் மிச்சம் அது.

அம்மா எதை அமுக்கினார்? உறவுக்காரர்களின் புலனக் குழுவில் வந்த ஒரு படப் பெட்டியை. அதில் அரசாங்கச் சின்னம் இருந்தது, எஸ்டிஆர் உதவித் தொகைக்கு மறுபதிவு என்று மலாயில் கொட்டை எழுத்து இருந்தது. அடியில் பொடி எழுத்தில் ஓடிய முகவரியை அவர் படித்திருக்க வேண்டுமாம். கண்ணில் புரை விழுந்தவர் எதைப் படிப்பார்? சின்னத்தைத்தான் பார்த்தார். அனுப்பியவரும் வேறு யாருமல்ல, என் சித்திதான்.

அந்தப் பெட்டியில் இருப்பதை யார் எழுதுகிறார்கள் தெரியுமா? தளத்தை வைத்திருப்பவனேதான். தன் பக்கத்துக்குள் அவன் பொதித்து வைக்கும் தலைப்பையும் படத்தையும், இணைப்பை அனுப்புகிறவரின் கைப்பேசி எடுத்து அப்படியே ஒட்டிவிடும். 2010இல் ஃபேஸ்புக் கொண்டுவந்த 'ஓப்பன் கிராஃப்' ஏற்பாடு இது. சின்னம் அரசாங்கத்தினுடையதுதானா என்று நடுவில் எவரும் பார்ப்பதில்லை. திருடன் தன் சட்டையில் தானே போலீஸ் பட்டை குத்திக்கொண்டு வருகிறான். அதை நம்பிக் கதவைத் திறந்த கிழவியைத்தான் நாம் ஏசுகிறோம்.

பார்க்கத்தான் ஆளில்லை, எண்ணுவதற்கு ஆள் இருக்கிறது. ஃபேஸ்புக்கிலிருந்து ஒரு பக்கத்துக்குப் போனால் முகவரியின் வாலில் நீளமாக ஓர் எழுத்துச் சரம் தொங்குமே, 2018 முதல் அது உண்டு. எந்தச் சொடுக்கு எங்கிருந்து வந்தது என்று கணக்கு வைக்க. எண்ணுவது அதோடு நிற்கவில்லை. 2020இல் தலால் ஹஜ் பக்ரி, டாமி மிஸ்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தபோது, வேறு சில செயலிகளில் வந்த இணைப்பைத் தொடாமலேயே, முன்தோற்றம் காட்டுகிற சாக்கில் பெறுகிறவரின் ஐபி முகவரி தளத்தை வைத்திருப்பவனுக்குப் போய்விட்டது. அப்படிப் பறிகொடுப்பவர்கள் எதை அமுக்கினார்களாம்?

தோட்டத்திலும் எங்களை எண்ணினார்கள். இருட்டோடு பெரட்டுக்கு நிற்க வேண்டும், கணக்கு எழுதும் கிராணி பெயர் கூப்பிட்டு செக்ரோல் ஏட்டில் குறிப்பார். பிடித்தம் போட்டுத் தின்றார்கள், அது தனி வயிற்றெரிச்சல். ஆனாலும் ஆள் எண்ணிக்கை தப்பினால் போய்ச் சண்டை பிடிக்க ஓர் ஆபீஸ் வாசல் இருந்தது. நம் சொடுக்குகளை எண்ணும் இந்தக் கிராணியின் வாசல் எது?

இன்னொன்று. அம்மா அந்தப் பக்கத்தைத் திறந்த மறுநாள் ஒருவன் அழைத்தான். அடையாள அட்டை எண்ணை அவர் சொல்லவில்லை, எங்கும் எழுதவும் இல்லை. அவனே வாசித்துக் காட்டினான். அதனால்தான் நம்பினார், அவன் சொன்ன செயலியை இறக்கினார், பணம் போயிற்று. அந்த எண் அவன் கைக்கு எப்படிப் போயிற்று? மலேசியாவில் 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் விவரம் கசிந்திருந்தது 2017இல் அம்பலமானது, பெயர், முகவரி, அடையாள அட்டை எண் எல்லாம் சேர்த்து. நாட்டின் ஜனத்தொகையைவிடப் பெரிய எண்ணிக்கை! அதை எந்த மாக்சிக் அமுக்கினார்?

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் நிறைவேறி 2013 நவம்பரில் நடப்புக்கு வந்தது. மத்திய, மாநில அரசாங்கங்களை அது கட்டுப்படுத்தாது. கசிந்தால் ஆணையரிடம் சொல்லியே தீரவேண்டும் என்ற கட்டாயம் வந்ததோ 2025 ஜூனில்தான். அதுவரை எங்கள் வீட்டுச் சாவி சந்தையில் விலைபோனாலும் சொல்ல வேண்டிய கடமை அந்தச் சட்டப்படி எவனுக்கும் இல்லை.

பணம் போன கையோடு மோசடிப் புகார் எண் 997க்கு அழையுங்கள் என்கிறார்கள். போனதே அம்மாவுக்கு மூன்றாம் நாள்தான் தெரியும்.

நேற்று ராத்திரி அதே சின்னம், அதே கொட்டை எழுத்து, முகவரி மட்டும் வேறு. குழுவில் மறுபடி வந்து விழுந்தது. அம்மா விரல் படாமல் கைப்பேசியை ஓரமாகப் பிடித்துத் தூக்கிவந்து என்னிடம் நீட்டினார். "பாருப்பா, இது நெசமானதா? நான் ஒன்னும் அமுக்கல."