அறைச் செடிகளுக்குக் காற்றும் ஈரமும்

நம் நாட்டு நகரங்களில் வீட்டிலும் அலுவலகத்திலும் பள்ளியிலும் தொட்டிச் செடிகளை அறைக்குள் வளர்க்கும் வழக்கம் பெருகியுள்ளது. செடி வாடினால் இலைமீது நீர் தெளிக்குமாறும், இலையில் புள்ளி கண்டால் பூசணக்கொல்லி அடிக்குமாறும் யோசனை கூறப்படுகிறது. இவ்விரண்டும் பெரும்பாலும் காரணத்தை ஆராயாமல் கூறப்படுபவை. அறையின் ஈரப்பதத்தை அளந்து, காற்றோட்டத்தைச் சீர்செய்த பின்னரே ஏனைய பரிகாரங்களை நாடுதல் முறையாகும்.

ஈரம் மிகுந்தால் செடி செழிக்கும் என்னும் எண்ணத்திற்கு ஒரு வரலாறு உண்டு. 1829-இல் லண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்டு, மூடிய கண்ணாடிக் குப்பியினுள் பெரணி தானே முளைத்து வளர்வதைக் கண்டார். அதிலிருந்து தோன்றிய கண்ணாடிப் பெட்டிகளிலேதான் அந்நூற்றாண்டின் நடுவில் சீனத் தேயிலைக் கன்றுகள் இமயமலைச் சாரலுக்கு வந்து சேர்ந்தன. ஆனால் பெரணிக்கு உகந்தது எல்லாச் செடிகளுக்கும் உகந்ததன்று. கடற்பயணத்திற்கு ஏற்ற முறை நிலையான வளர்ப்பிற்கு ஏற்றதுமன்று.

30 டிகிரி சென்டிகிரேட் வெப்பமுள்ள ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராமே தாங்கும். மழைக்காலத்துக் கல்கத்தாவில் 30 டிகிரி வெப்பமும் நூற்றுக்கு 80 ஈரப்பதமும் உள்ள அறை, இரவில் 26 டிகிரிக்குக் குளிர்ந்தாலே இலைமீது நீர் படியத் தொடங்கும். அந்நீர்ப்படலமே சாம்பல் நிறப் பூசணத்தின் வித்துக்கள் முளைக்கும் இடமாகும். அங்கே மாலையில் நீர் தெளிப்பது நோயை அழைப்பதற்கு ஒப்பாகும். மாறாக, குளிர்காலத் தில்லியில் 10 டிகிரியிலுள்ள காற்று நீராவியால் நிறைந்திருந்தாலும், அதை அறையில் 25 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் நூற்றுக்கு 40 அளவிற்கு இறங்கிவிடும். அவ்வறட்சியில் சிலந்திப்பேன் பெருகும். தெளித்த நீரோ சிறிது நேரத்தில் உலர்ந்துவிடும். ஆகவே இரு நகரங்களுக்கும் ஒரே யோசனை பொருந்தாது.

காற்று அசையாவிடில் இலையைச் சுற்றி ஈரமான மெல்லிய காற்றுப் படலம் தங்கிவிடுகிறது. கரியமில வாயு இலைக்குள் புகுவது குறைகிறது, நீராவிப்போக்கும் தளர்கிறது. அந்நீரோட்டத்துடன் செல்லும் சுண்ணாம்புச் சத்து இளந்தளிர்களை எட்டாமையால் அவற்றின் நுனி கருகுவதும் உண்டு. எனினும் குளிர்சாதனக் கருவியின் காற்று நேராகத் தாக்குமிடத்தில் செடியை வைத்தல் ஆகாது. இலை இலேசாக அசையும் அளவே போதுமானது.

சன்னலைத் திறந்தால் புகையும் கொசுவும் நுழையும் என்பர். இவ்வாட்சேபம் நியாயமானதே. அத்தகைய இடங்களில் மின்விசிறியை மெதுவாகச் சுழலவிட்டு, தொட்டிகளை இடைவெளிவிட்டு வைத்து, காலையில் வேரடியில் மட்டும் நீர் ஊற்றினாலும் பயன் கிட்டும். வறண்ட அறையிலோ தொட்டிகளை ஓரளவு நெருக்கி வைப்பது நலம்.

கள ஊழியரும் ஆசிரியரும் இதனை எளிதில் செய்து காட்டலாம். இரண்டு வெப்பமானிகளை எடுத்து, ஒன்றின் குமிழில் ஈர மல்துணியைச் சுற்றி, விசிறியால் வீச வேண்டும். உலர்ந்தது 30 டிகிரியும் ஈரமானது 24 டிகிரியும் காட்டினால் ஈரப்பதம் ஏறக்குறைய நூற்றுக்கு 60 ஆகும். வேறுபாடு 2 டிகிரியாகச் சுருங்கினால் ஈரப்பதம் 85-ஐக் கடந்துவிட்டது எனக் கொண்டு, நீரைக் குறைத்துக் காற்றைப் பெருக்க வேண்டும். வீசாமல் பார்த்தால் கருவி தவறான அளவையே காட்டும் என்பதும் மாணவர் அறியத்தக்கது.

குழந்தைகள் உறங்கும் அறையிலும் பாடம் பயிலும் வகுப்பிலும் பூசணக்கொல்லியைத் தெளிப்பது சிறு செய்கையன்று. காற்றோட்டத்தால் தீரக்கூடிய குறைக்கு நஞ்சைப் பரிந்துரைப்பது அறிவியல் போதிப்போருக்கு அழகன்று. புள்ளி விழுந்த இலையைக் கொண்டுவந்து மருந்தின் பெயரைக் கேட்போரிடம், செடி எங்கே நிற்கிறது, இரவில் சன்னல் திறந்திருக்கிறதா என்று முதலில் வினவுதலே கள ஊழியரின் கடமையாகும்.