வளராத குழந்தை

'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்பது நம் நாட்டுப் பழமொழி. வைகைப் பாசனத்தில் நாற்றுப் பாவும் குடியானவனுக்கு அது முற்றிலும் பொருந்தும். ஆனால் நம் வீட்டுத் தொட்டிலில் வளரும் சில பயிர்களுக்கு அது பொருந்துவதில்லை என்பதை இவ்வாரம் நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

கழுத்தின் முன்புறத்தில், வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் ஒரு சுரப்பி அமைந்திருக்கிறது. தைராய்டு என்பது அதன் பெயர். அது சுரக்கும் தைராக்ஸின் குறைந்தால் எலும்பு நுனிகளில் வளர்ச்சி மந்தமாகிறது. பிள்ளை உயராமல் நின்றுவிடுகிறது. கைக்குழந்தைப் பருவத்திலேயே குறைந்தாலோ மூளையின் வளர்ச்சியும் கெடுகிறது.

பிறவியிலேயே இக்குறை நேர்வதுண்டு. மேல்நாடுகளில் 3,000 முதல் 4,000 குழந்தைகளுக்கு ஒன்று என்பது நெடுநாளைய கணக்கு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நம் நாட்டின் ஐந்து பெருநகரங்களில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சிசுக்களைச் சோதித்தபோது, ஏறக்குறைய 1,130 குழந்தைகளுக்கு ஒன்று என்று கண்டது. சென்னையில் விகிதம் இதனினும் அதிகம்.

விந்தை யாதெனில், இச்சிசுக்களில் பெரும்பாலானவை பிறக்கும்போது ஏனைய குழந்தைகளைப் போலவே காணப்படுகின்றன. பின்னரே காமாலை நீடிக்கும், மலம் கட்டும், அழுகை கரகரக்கும், குழந்தை பாலுக்கும் அழாமல் உறங்கும். 'எவ்வளவு சாதுவான குழந்தை!' என்று பாட்டிமார் மெச்சுவார்கள். அந்தச் சாதுத்தனமே நோயின் அடையாளமாயிருக்கலாம். குதிகாலில் குத்தியெடுக்கும் சில துளி இரத்தம் உண்மையை உரைத்துவிடும். இச்சோதனை நம் நாடு முழுவதும் இன்னும் கட்டாயமாகவில்லை; ஆகவே மருத்துவமனையில் கேட்டுச் செய்துகொள்வது பெற்றோர் கடமையாகிறது. பிறந்த இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கி, ஒழுங்காகக் கொடுக்கப்பட்ட குழந்தைகள் மற்றவரைப் போலவே உயரமும் அறிவும் பெற்று வளர்கின்றன.

நன்றாக வளர்ந்துவந்த பிள்ளைக்கும் இடையில் இக்குறை வரலாம். பெண் குழந்தைகளுக்கே மிகுதியாக வருகிறது. உடை பழையதாகிறதேயன்றிச் சிறியதாவதில்லை. உயரம் நின்றபோதிலும் உடல் இளைப்பதில்லை. சித்திரை வெயிலிலும் குளிர் தாங்காமல் போர்வை தேடும். இவற்றைக் கண்டும் 'எங்கள் வம்சமே குட்டை' என்று நாம் சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். நான்கு வயதுக்குமேல் பருவமடையும்வரை ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டராவது உயர வேண்டும். உயராவிடில் வம்சத்தின்மேல் பழிபோடலாகாது.

தாமதத்தின் விலை என்ன? 1988-இல் அமெரிக்க வைத்தியர்கள் சிலர் இத்தகைய பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து முடிவுகளை வெளியிட்டனர். மருந்து தொடங்கியதும் அவர்கள் விரைந்து வளர்ந்தனர். எனினும், எலும்பு அதனினும் விரைந்து முதிர்ந்துவிட்டது. ஆகவே எட்டவேண்டிய உயரத்தை அவர்கள் எட்டவில்லை. எத்தனை காலம் நோய் கவனிக்கப்படாதிருந்ததோ, அத்தனைக்கத்தனை குறைவும் அதிகம். இழந்த வருஷங்களை எந்த மாத்திரையும் முழுதாக மீட்டுத் தருவதில்லை.

அயோடின் குறைவு மலைநாட்டார் நோய் என்று சமவெளியில் உள்ள நாம் அலட்சியமாயிருத்தல் தகாது. தூத்துக்குடி உப்பளம் நமக்கு அருகிலிருப்பதால் மட்டும் அயோடின் கிடைத்துவிடாது; அதை உப்பில் சேர்த்தாக வேண்டும். ஆயினும் சுரப்பியே பழுதுற்றவர்க்கு உப்பு மருந்தாகாது, மாத்திரையே வேண்டும். அதுவோ விலை மலிந்தது. காலையில் வெறும் வயிற்றில் தினந்தோறும் கொடுக்க வேண்டும். இரும்பு, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளை அதனுடன் சேர்த்துக் கொடுக்கலாகாது. பிள்ளை தேறிவிட்டதென்று வைத்தியரைக் கேளாமல் நிறுத்தவும் கூடாது.

மதுரைச் சீமைத் தாய்மார்களுக்கு ஒரு யோசனை கூறுவோம். ஆண்டுதோறும் சித்திரைத் திருவிழாவின்போது பிள்ளைகளைச் சுவரோரம் நிறுத்தி, தலைக்கு நேராக ஒரு கோடு இட்டுத் தேதி எழுதிவையுங்கள். இரண்டு கோடுகள் நெருங்கி நின்றால், அழகர் மலை திரும்புமுன் வைத்தியரிடம் செல்லுங்கள்.