ஆக்கியோன் யார்?

ஒரு நூலின் சிறப்புப்பாயிரம் உரைக்க வேண்டிய செய்திகளை வரிசைப்படுத்தும் நன்னூல், ஆக்கியோன் பெயரையே முதலாவதாக வைக்கின்றது. படைப்பை அறியப் புகுவோர் முதற்கண் படைத்தவரை அறிதல் வேண்டும் என்பது நம் முன்னோர் கண்ட நெறி. செயற்கை நுண்ணறிவின் வரவால் அந்நெறிக்கு இன்று சோதனை நேர்ந்துள்ளது. திரைத்துறையில் அதனைக் கண்கூடாகக் காண்கின்றோம்.

ஆனந்த் எல். ராய் இயக்கத்தில் தனுஷ் நடித்த 'ராஞ்சனா' என்னும் இந்திப் படம் 2013-இல் தமிழில் 'அம்பிகாபதி' என வெளிவந்தது. நாயகன் இறப்பதே அதன் முடிவு. 2025 ஆகஸ்டு 1 அன்று அது தமிழில் மீண்டும் திரையிடப்பட்டபோது, செயற்கை நுண்ணறிவால் முடிவு மாற்றப்பட்டிருந்தது. இறந்த நாயகன் கண்விழித்தான். இயக்குநரும் நடிகரும் இதனை வன்மையாக எதிர்த்தனர். உரிமை தமக்கே உரியது என்றது தயாரிப்பு நிறுவனம்.

சட்டம் யார் பக்கம் நிற்கின்றது? படைப்பைச் சிதைத்தால் தடுக்கும் உரிமையை 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 57-ஆம் பிரிவில், ஆசிரியருக்கு அளிக்கின்றது. ஆயின், திரைப்படத்தின் ஆசிரியர் தயாரிப்பாளரே என்று அச்சட்டமே வரையறுக்கின்றது. காட்சிதோறும் உருக்கொடுத்த இயக்குநர், சட்டத்தின் கண்ணில் ஆசிரியரல்லர்! எந்திரம் ஆசிரியராகுமா என்று வியந்து வினவுகின்றோம்; மனிதரையே இன்னும் ஆசிரியராக ஏற்கவில்லை என்பதை மறந்துவிடுகின்றோம்.

பொருள் முதலிட்டவருக்கு உரிமை வேண்டாவோ எனச் சிலர் கேட்கலாம். வேண்டும், இழப்பைத் தாங்குபவர் அவரே. எனினும் உடைமை வேறு, ஆக்கம் வேறு. பதிப்புரிமையை விலைக்கு வாங்கியவர் ஒரு புதினத்தின் இறுதி அத்தியாயத்தைத் தாமே எழுதிச் சேர்த்து, பழைய ஆசிரியர் பெயரிலேயே விற்பதை நாம் ஒப்புவோமா? முன்பு இத்தகைய மாற்றத்திற்கு நடிகர் மீண்டும் நடிக்க வேண்டியிருந்தது. அவரது இசைவே ஒரு காவலாய் நின்றது. இன்று அக்காவலும் அகன்றது.

கருவியின்மீது பழி சுமத்துவதும் முறையன்று. 2024-இல் வெளிவந்த 'லால் சலாம்' படப் பாடலொன்றில், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்கியா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவால் ஒலிக்கச் செய்தார் ஏ.ஆர். ரகுமான். குடும்பத்தாரின் இசைவு பெற்று, உரிய ஊதியமும் அளித்ததாக அவர் அறிவித்தார். கருவி ஒன்றே, இசைவு பெற்றமையும் பெறாமையுமே வேறுபாடு.

ஐரோப்பிய ஒன்றியத்தில் முதன்மை இயக்குநர், படத்தின் ஆசிரியர்களுள் ஒருவராகச் சட்டப்படி ஏற்கப்படுகின்றார். நம் நாட்டிலும் இயக்குநரையும் கதையாசிரியரையும் அவ்வாறு ஏற்றல் வேண்டும். அதுவரை, இசைவின்றி மாற்றலாகாது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொள்ளுதல் நன்று. நாளை எழுத்துத் துறையிலும் திரைத்துறையிலும் புகவிருக்கும் மாணவர்கள் இதனை இன்றே உணர்வார்களாக! ஆக்கியோன் பெயரை முதலில் வைத்த மரபினர் நாம். அப்பெயருக்குரிய உரிமையையும் காப்பது நம் கடன்.