அத்தையின் காதும் போனின் பஞ்சும்

எங்கள் வீட்டில் இரண்டே அறைகள். ஒன்றில் பையன் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கிறான். மற்றொன்றில் நான் எழுதுகிறேன். அல்லது எழுதுவதாகப் பாவனை செய்கிறேன். ஆகையால் என் மாமியார் பாட்டுக் கேட்பதென்றால் போனில் இயர்போனைச் செருகிக்கொண்டுதான் கேட்கவேண்டும். மத்தியானம் சாப்பாடு முடிந்து, சமையலறையை ஒழித்துவிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கச்சேரி கேட்பார். அப்பொழுது அவரை யாரும் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டாலும் பயனில்லை.

சென்ற மாதம் திடீரென்று அந்த வழக்கம் நின்றுபோயிற்று. "என்ன அத்தை, பாட்டுக் கேட்கவில்லையா?" என்றேன். "தலை வலிக்கிறதம்மா" என்றார். மறுநாள், "தூக்கம் வருகிறது" என்றார். மூன்றாம் நாள்தான் உண்மை வெளிவந்தது.

"எனக்குக் காது போய்விட்டதம்மா. பக்கவாத்தியம் கேட்கிறது, பாடுகிறவர் மட்டும் கிணற்றுக்குள் நின்று பாடுகிறாற்போல் இருக்கிறது. பழைய சினிமாப் பாட்டென்றால் அதுவும் இல்லை. மூன்று வாரமாகச் சத்தத்தை முழுக்க வைத்துத்தான் கேட்கிறேன். உங்களிடம் சொன்னால் டாக்டர், மிஷின் என்று செலவு வைத்துக்கொள்வீர்கள்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இரவு என் கணவரிடம் சங்கதியைச் சொன்னேன். அவர் எந்தக் கஷ்டத்தையும் கடைக்குப் போய்த் தீர்ப்பவர். "இவ்வளவுதானே? உயர்ந்த ஹெட்போனாக ஒன்று வாங்கிவிடலாம். எட்டாயிரத்தில் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன்" என்றார். எட்டாயிரம் ரூபாய்! எனக்குத் தூக்கம் போய்விட்டது.

மறுநாள் காலையில் நான் செய்த முதல் காரியம், அத்தையின் இயர்போனை என் காதில் மாட்டிக் கேட்டதுதான். என்ன ஆச்சரியம்! எனக்கும் பாடகர் கிணற்றுக்குள்தான் இருந்தார். அப்படியானால் குற்றம் அத்தையின் காதில் இல்லை. அந்த ஒரு நிமிஷத்திலேயே அவர் முகத்தில் பாதிக் கவலை தெளிந்துவிட்டது.

பிறகு அந்த இயர்போனைக் கணவரின் பழைய போனில் செருகிப் பார்த்தேன். பாட்டு நன்றாகவே இருந்தது. பையனுடைய இயர்போனை அத்தையின் போனில் செருகினேன். மறுபடியும் கிணறு! ஆக, கோளாறு போனில். எதை வாங்குவதற்கு முன்பும் இப்படி ஒன்றை மாற்றி ஒன்று வைத்துப் பார்த்துவிடுங்கள். மிக்ஸி ஓடாவிட்டால் வேறு பிளக்கில் செருகிப் பார்க்கிறோமல்லவா? அதே தந்திரந்தான். எட்டாயிரம் ரூபாய் ஹெட்போன் வந்திருந்தால், அதிலும் கிணற்றுப் பாட்டேதான் கேட்டிருக்கும்.

போனின் இயர்போன் ஓட்டைக்குள் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். அடியில் பஞ்சு! கைப்பையில் கைக்குட்டையோடும் கோயில் விபூதிப் பொட்டலத்தோடும் மாதக்கணக்கில் கிடந்த போன் அது. ஒவ்வொரு தடவை பின்னைச் செருகும்போதும் தூசி உள்ளே அமுங்கி, மெத்தை மாதிரி ஆகிவிட்டது. பின் முழுவதும் உள்ளே போகாமல் ஒரு நூலளவு வெளியே நின்றது. பார்வைக்குச் சரியாகச் செருகினதுபோல்தான் இருக்கும்.

அதற்கும் பாடகர் காணாமற்போனதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இடது காதுக்கு ஒரு கம்பி, வலது காதுக்கு ஒரு கம்பி, இரண்டுக்கும் பொதுவாகத் திரும்பி வர ஒரு கம்பி உண்டு. பின் சரியாக உட்காராமல் அந்தப் பொதுக் கம்பியின் தொடர்பு விட்டுப்போனால், இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஒலி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும். இரு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே காதில் விழும். பாடுகிறவரின் குரலை நடுவில் இருப்பதுபோல இரண்டு பக்கத்திலும் சமமாகப் பதிவு செய்வது வழக்கம். ஆகவே முதலில் மறைவது குரல்தான். பழைய சினிமாப் பாட்டுக்களோ அநேகமாக மோனோ என்னும் ஒரே தடத்தில் பதிவானவை. இரண்டு பக்கமும் ஒன்றேதான். அதனால் பாட்டு முழுவதுமே போய்விடுகிறது. அத்தை சொன்னது ஒவ்வொன்றும் சரி!

போனை அணைத்துவிட்டு, பல் குத்தும் மரக்குச்சியால் மெல்லச் சுழற்றிப் பஞ்சை எடுத்தேன். உளுத்தம் பருப்பளவு வந்தது. ஊசி, ஹேர்பின் வேண்டாம். உள்ளே இருக்கும் மெல்லிய தகடுகள் வளைந்துவிடும். வாயால் ஊதவும் வேண்டாம், ஈரம் போகும். பின்னை மறுபடி செருகினபோது 'டிக்' என்று உட்கார்ந்தது. சத்தம் முழுக்க வைத்திருந்ததை நான் மறந்துவிட்டேன். பாட்டு ஆரம்பித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீங்கள் முதலில் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பிறகு காதில் மாட்டுங்கள்.

அத்தை கேட்டார். முகம் மலர்ந்தது. ஆனால் பாட்டில் பழகிய காதல்லவா? "குரல் வந்துவிட்டது. மிருதங்கத்தில் வலந்தலைதான் கேட்கிறது. தொப்பிப் பக்கம் 'கும்' என்று வரவில்லையே!" என்றார்.

அதற்கும் மருந்து வீட்டிலேயே இருந்தது. இயர்போன் வாங்கும்போது பெட்டிக்குள் சின்னதும் பெரியதுமாக வேறு ரப்பர் குல்லாய்கள் இருக்கும். நாம் அவற்றை மேஜை டிராயரில் போட்டு மறந்துவிடுகிறோம். காதுத் துவாரத்தைக் குல்லாய் சரியாக அடைக்காமல் சந்து விட்டால், கனமான ஒலிகள் அந்த வழியே நழுவிவிடும். கீச்சென்ற ஒலிகள் மட்டும் மிஞ்சும். மலிவு இயர்போன் 'தகர டப்பா மாதிரி இருக்கிறது' என்று நாம் சொல்வதில் பாதி, இந்தச் சந்தின் குற்றமே. சோதிப்பது சுலபம்: பாட்டு ஓடும்போது இயர்போனை விரலால் இலேசாக அழுத்திப் பாருங்கள். உடனே 'கும்' வந்தால் குல்லாய் போதவில்லை என்று அர்த்தம். இரண்டு காதும் ஒரே அளவாக இருக்கவேண்டும் என்பதுமில்லை. அத்தைக்கு இடது காதுக்கு நடுத்தரம், வலது காதுக்குப் பெரியது. டிராயரில் அகப்பட்டது; செலவு பூஜ்யம்.

இன்னும் சில சில்லறை வைத்தியங்களைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு பக்கம் மட்டும் சத்தம் குறைந்தால், குல்லாயைக் கழற்றி உள்ளே இருக்கும் சிறு வலையைப் பாருங்கள். காதுக் குறும்பி அடைத்திருக்கும். வலை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்துக்கொண்டு, உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். குல்லாயைச் சோப்பு நீரில் கழுவி, நன்றாக உலர்த்தி மாட்டலாம்.

பாட்டுச் செயலியில் டேட்டாவை மிச்சம் பிடிக்கும் ஏற்பாடு இருந்தால் அதை மாற்றுங்கள். விநாடிக்கு 24 கிலோபிட் என்ற சிக்கனத்தில் வருகிற பாட்டும், 320 கிலோபிட்டில் வருகிற பாட்டும் ஒன்றாகுமா? வீட்டு வைஃபையில் உயர்ந்த தரத்தில் இறக்கி வைத்துக்கொண்டால் பிறகு டேட்டாவும் செலவில்லை.

போனின் செட்டிங்ஸில் ஆக்ஸஸிபிலிடி என்ற பகுதியில் இடது வலது சமன் செய்யும் கோடு உண்டு. குழந்தைகள் கை பட்டு அது ஒரு பக்கம் நகர்ந்திருக்கலாம். ஒரு காது மந்தமானவர்களுக்கு அங்கேயே 'மோனோ' என்று ஒரு வசதி இருக்கிறது. இரண்டு பக்கத்துப் பாட்டும் நல்ல காதிலேயே சேர்ந்து விழும். ஈக்வலைஸரைத் தொடுவதானால், வேண்டியதை ஏற்றுவதைவிட வேண்டாததைக் குறைப்பது நல்லது. உப்புக் கூடின குழம்பில் புளியையும் கூட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும்?

2016-இல் ஐபோன் 7 வந்தது முதற்கொண்டு, இயர்போன் ஓட்டையே இல்லாத போன்கள் பெருகிவிட்டன. அவற்றுக்குச் சிறிய அடாப்டர் வேண்டும். டிஜிட்டல் ஒலியை மாற்றிக் கொடுக்கும் சில்லு, அதாவது டி.ஏ.சி., உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். வெறும் கம்பி மட்டும் உள்ளது எல்லாப் போனிலும் பாடாது. பெரிய ஹெட்போன் வாங்கினாலும் 16 அல்லது 32 ஓம் உள்ளதாகப் பாருங்கள். ஸ்டுடியோக்காரர்களுக்கான 250 ஓம் ஹெட்போன் போனில் முணுமுணுக்கத்தான் செய்யும்.

எனக்குப் பணத்தைவிடப் பெரிய கவலை வேறொன்று. மூன்று வாரம் அத்தை சத்தத்தை முழுக்க வைத்துக் கேட்டாரே, அதுதான். பாட்டுத் தெளிவில்லாவிட்டால் நம் கை தானாகச் சத்தத்தை ஏற்றுகிறது. 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம், 90 டெசிபல் ஆனால் 4 மணி நேரந்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். போனின் முழுச் சத்தத்தில் 60 சதவிகிதத்துக்குமேல் போகாமலிருப்பது நல்லது என்றும் சொல்கிறது. அதிகச் சத்தத்தால் உள்காதின் நுண்ணிய மயிரணுக்கள் அழிந்துபோனால் மறுபடி முளைப்பதில்லை. பஸ்ஸிலும் ரயிலிலும் இயர்போனோடு போகும் நம் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லவேண்டும். சரியான குல்லாய் வெளிச் சத்தத்தைத் தடுத்து, குறைந்த சத்தத்திலேயே திருப்தி தருகிறது. ஆகவே அது காதுக்கும் காவல்.

பஞ்சு எடுத்தால் காது வியாதி தீரும் என்று நான் சொல்லவில்லை. எதிரே பேசுகிறவர் பேச்சே மங்கினாலும், காதில் இரைச்சல் நீடித்தாலும், டாக்டரைப் பார்க்கவேண்டும். திடீரென்று ஒரு காது கேட்காமற்போனால் அன்றைக்கே ஓடவேண்டும்; நாள் கடத்தக் கூடாது. அத்தைக்கு 68 வயது. நானும் அழைத்துப்போய்ச் சோதிக்கச் செய்தேன். வயதுக்கேற்றபடி கீச்சொலிகள் கொஞ்சம் குறைந்திருக்கின்றன, மற்றபடி கவலையில்லை என்றார்கள்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அத்தை மெதுவாகச் சொன்னார்: "காது போனதுகூடப் பெரிசில்லையம்மா. இனிமேல் உங்களுக்கு நான் ஒரு செலவு என்று நினைத்தேன், அதுதான் சொல்லவில்லை." எனக்குப் பதில் பேச வரவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

உங்கள் வீட்டிலும் யாராவது கொஞ்ச நாளாகப் பாட்டுக் கேட்பதை நிறுத்தியிருந்தால், ஏன் என்று ஒரு தடவைக்கு மூன்று தடவை கேளுங்கள். அவர்களுடைய இயர்போனை உங்கள் காதில் மாட்டிப் பாருங்கள்.

இப்பொழுது மத்தியானங்களில் ஜன்னலோரம் மறுபடி தாளம் கேட்கிறது. அதாவது, அத்தை தொடையில் போடும் தாளம். என் கணவருக்கு எட்டாயிரம் ரூபாய் மிச்சமாயிற்று என்று பரம சந்தோஷம். அந்த எட்டாயிரத்தைப் பற்றி அத்தைக்கும் எனக்கும் வேறு அபிப்பிராயம் இருக்கிறது. சமயம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.