மாட்டுக்கு மருந்து... நாய்க்கு விஷம்? செல்லப்பிராணிகளின் பயத்துக்கு எது உண்மையான இயற்கை வைத்தியம்?

ஐப்பசி பிறந்தால் குத்தாலம் பக்கத்து நாய்களுக்கு ரெண்டு கண்டம். ஒண்ணு, வடகிழக்குப் பருவமழையோட வர்ற இடி. இன்னொண்ணு, தீபாவளி வெடி. கட்டிலுக்கு அடியில் புகுந்து நடுங்கும் நாய், சோத்தைத் தொடாத பூனை, சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடி மூணு நாள் கழிச்சுத் திரும்பி வரும் நாய்... உங்க வீட்டிலும் இதில் ஒண்ணு இருக்கலாம்.

'இதுக்கெல்லாம் டாக்டரா? ஏதாவது கை வைத்தியம் பார்த்துக்கலாம்' என்பதுதான் நம்மில் பலருடைய முதல் யோசனை. டெல்டாவில் இந்த நம்பிக்கைக்கு நியாயமான காரணமும் உண்டு.

மாடு கொடுத்த நம்பிக்கை

மாடுகளுக்கான மரபுவழி மூலிகை மருத்துவத்தை மீட்டெடுத்ததில் தஞ்சைக்குப் பெரிய பங்கு உண்டு. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தஞ்சாவூர் மையத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி குழுவினர் பல ஆண்டுகள் இதற்காக உழைத்தார்கள். மடிநோய்க்கு சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்துத் தடவும் முறை இன்று மாடு வளர்க்கும் பலருக்கும் அத்துப்படி. தேசிய பால்வள வாரியமே இந்த முறைகளை நாடு முழுக்கக் கொண்டுபோகிறது.

சிக்கல் எங்கே வருதுன்னா, 'மாட்டுக்குக் கேட்டுச்சே, நாய்க்குக் கேட்காதா?' என்று நினைக்கும்போது.

2022-ல் பெரியம்மை மாடுகளை வாட்டியபோது பரவலாகப் பரிந்துரைக்கப்பட்ட உருண்டை மருந்து ஒன்றில் சீரகம், துளசி, நிலவேம்புடன் பூண்டும் சின்ன வெங்காயமும் சேரும். நானூறு கிலோ மாட்டுக்கு அது சின்ன அளவு. அதே வெங்காயமும் பூண்டும் நாய், பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து ரத்தசோகையை உண்டாக்கும். நாய்க்கு ஒரு கிலோ எடைக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் போதும். பூனைக்கு 5 கிராமே அதிகம். அதாவது மூணு கிலோ பூனைக்கு ரெண்டு, மூணு சின்ன வெங்காயமே ஆபத்து. வேகவைத்தாலும் பொடியாக்கினாலும் விஷம் போகாது. அறிகுறி தெரியவே சில நாள் ஆகும் என்பதால், நாம கொடுத்த 'மருந்து'தான் காரணம்னு நமக்குத் தோணவே தோணாது.

'மன அமைதிக்கு' என்று விற்கும் வாசனை எண்ணெய்களும் இப்படித்தான். நம் கல்லீரல் சுலபமாக வெளியேற்றிவிடும் பல பொருட்களை உடைக்கத் தேவையான நொதி பூனைக்கு மிகக் குறைவு. யூகலிப்டஸ், டீ ட்ரீ எண்ணெய்களைத் தடவிவிட்டால் நக்கியே உள்ளே போய்விடும். கற்பூரமும் வேண்டாம்.

நம்ம ஊர் குப்பைமேனிக்கு 'பூனைவணங்கி' என்றொரு பெயர் உண்டு. அதன் வேர் வாசனைக்குப் பூனை மயங்கி உருளும். வேடிக்கையாக இருக்கும்தான். அதுக்காக அரைத்துப் புகட்டிவிடாதீங்க.

மூலிகையா, பழக்கமா?

சரி, பயத்துக்கு என்னதான் கேட்கும்? சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர் ஸ்டெஃபனி ரீமர், வெடிச்சத்த பயம் பற்றி 1,225 நாய் உரிமையாளர்களிடம் கேட்டு 2020-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். மூலிகை, வாசனை எண்ணெய், ஹோமியோபதி, பூ மருந்து, ஃபெரோமோன் ஆகியவை பலன் தந்ததாகச் சொன்னவர்கள் 27 முதல் 35 சதவிகிதம்தான். வெறும் நம்பிக்கையால் வரக்கூடிய பலனைவிட இது அதிகமில்லை என்கிறார் அவர். உடம்பை இதமாக இறுக்கும் சட்டைக்கு 44 சதவிகிதம். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துக்கு 69 சதவிகிதம். எல்லாவற்றையும் முந்தியது ஒரு சாதாரண விஷயம்: சத்தம் கேட்ட உடனே பிடித்த தீனி கொடுப்பது அல்லது விளையாடுவது. அதற்கு 70 சதவிகிதத்துக்கும் மேல்.

காசு செலவில்லாத இயற்கை வைத்தியம் இதுதான். வெடிச்சத்தத்தைப் போனில் ரொம்பச் சன்னமாக வையுங்க, உடனே ஒரு துண்டு கோழி கொடுங்க. சில வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தத்தைக் கூட்டுங்க. நாய் பயந்தால் பழைய அளவுக்கே திரும்பிடுங்க. தீபாவளிக்கு முதல் நாள் ஆரம்பித்தால் பலிக்காது, ஆடியிலேயே ஆரம்பிக்கணும்.

அன்றைய தினத்துக்கும் வழி இருக்கு. தமிழ்நாட்டில் 2018-லிருந்து பட்டாசு வெடிக்க அனுமதித்துவரும் நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. அதை எல்லாரும் கடைப்பிடிக்கிறதில்லை என்பது நமக்கே தெரியும். அதனால விடியறதுக்கு முன்னாலேயே நாயை வெளியே கூட்டிப்போய் வந்துடுங்க. ஜன்னலைச் சாத்தி, உள்ளறையில் பழைய போர்வை விரித்து, டி.வி-யை ஓடவிடுங்க. பூனைக்கு ஒரு அட்டைப்பெட்டி போதும். அது பதுங்கினால் இழுக்காதீங்க. பக்கத்தில் வந்தால் தடவிக்கொடுங்க. 'செல்லம் கொடுத்தா பயம் கூடும்' என்பது தவறான நம்பிக்கை. கழுத்துப்பட்டையில் உங்க போன் நம்பர் இருக்கட்டும்.

ஊரே சேர்ந்து செய்வதும் நடக்காத காரியமில்லை. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகளுக்காகப் பல தலைமுறையாக வெடி வெடிப்பதில்லை. ஒரு தெரு அளவில் நாமும் பேசிப் பார்க்கலாம்.

சங்கிலிதான் நோய் என்றால்?

2025 ஆகஸ்ட் 11-ல் டெல்லி தெருநாய்களைக் காப்பகத்துக்குக் கொண்டுபோக உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆகஸ்ட் 22-ல் அது மாற்றப்பட்டது. கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களை அதே இடத்தில் விடலாம். ரேபிஸ் தாக்கிய, ஆக்ரோஷமான நாய்களை விடக்கூடாது என்றது. நாடே தெருநாயைப் பற்றிப் பேசியது. ஆனால், வீட்டு நாய் ஏன் ஆக்ரோஷமாகிறது என்று அதிகம் பேசவில்லை.

நம் ஊர்களில் பல நாய்கள் பகல் முழுக்க ஆறடிச் சங்கிலியில்தான் இருக்கின்றன. அமெரிக்காவின் டென்வர் நகரில் நடந்து 1994-ல் வெளியான ஆய்வில், கடித்த நாய்களிடையே முற்றத்தில் கட்டிவைத்து வளர்க்கப்பட்டவை ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்தன. நம் சட்டமும் இதைச் சொல்கிறது. எப்போதும் கட்டியே வைக்கும் நாய்க்குப் போதிய நடமாட்டம் தராமல் விடுவது, 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். காலையும் மாலையும் அரை மணி நேரம் வாய்க்கால் கரையில் நடத்திக் கூட்டிப்போங்க. ஓயாத குரைப்பும் செருப்பைக் கடிப்பதும் பல நாய்களுக்கு இதிலேயே குறையும்.

எப்போது உடனே டாக்டர்?

சாதுவான நாய் திடீரென்று சீறினால் காதில் சீழ், மூட்டுவலி, உண்ணிக்காய்ச்சல் என எதுவும் இருக்கலாம். கண்ட இடத்தில் சிறுநீர் கழிக்க முக்கும் ஆண் பூனைக்கு அடைப்பு இருக்கக்கூடும். ஒரு நாள் தாமதமே உயிருக்கு ஆபத்து.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ரேபிஸ். நடத்தை திடீரென மாறி, எச்சில் ஒழுகி, விழுங்க முடியாமல், குரல் மாறினால் நாயின் வாயில் கைவைத்து எந்தச் சாறும் புகட்டாதீங்க. தனியே அடைத்துவிட்டு கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்க. உலகின் ரேபிஸ் மரணங்களில் 36 சதவிகிதம் இந்தியாவில் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கடியோ, பிறாண்டலோ பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவணும், அன்றைக்கே அரசு மருத்துவமனையில் ஊசி போடணும். பச்சிலை கட்டிக் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் கிருமிக்குத்தான் லாபம். அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்ற மருந்தே இல்லை.

தஞ்சை ஆய்வாளர்கள் மூலிகையை ஊகத்தில் கொடுக்கச் சொல்லவில்லை. எந்த நோய்க்கு, எத்தனை கிராம், எத்தனை நாள் என்று எழுதிவைத்துத்தான் கொடுத்தார்கள். அந்தக் கவனத்தை உங்க வீட்டு நாய்க்கும் பூனைக்கும் கொடுங்க. எதை ஊட்டுவதற்கு முன்னாலும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுடுங்க. இந்த வருஷ ரேபிஸ் ஊசி போட்டாச்சா என்று இன்னிக்கே அட்டையை எடுத்துப் பாருங்க.